பத்திரிகை மேசையிலிருந்து நாட்டின் தலைமைக்கு: நைஜீரியாவின் நம்டி அசிகிவே

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் அருளால் நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், மறைந்த தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நம் சமுதாயத் தலைவர்களைப் பற்றி மூத்தவர்கள் பலர் நம்மைவிட நன்றாக எழுதுவார்கள். ஆகவே நாம் சற்றுத் தொலைவில் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். நம்மவர்கள் நடத்தும் நாணய மாற்றுக் கடைகளில் எப்போதாவது நைஜீரியாவின் 500 நைரா நோட்டு கண்ணில் படும். அந்த நோட்டில் இருக்கும் முகம் நம்டி அசிகிவே அவர்களுடையது. அவர் நாட்டு மக்கள் அவரை ஸிக் என்று சுருக்கமாக அழைத்தார்கள்.

அவர் முஸ்லிம் அல்லர், கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களின் பிள்ளை. பத்திரிகை நடத்தினார், வியாபாரம் செய்தார், சமூகச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், கடைசியில் நாட்டுக்கே தலைவரானார். இந்த நான்கும் ஒரே மனிதரிடம் சேர்ந்தபோது எங்கே கை கொடுத்தன, எங்கே காலை வாரின என்பதை அறிவது, சங்கம் நடத்தும் நம்மைப் போன்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

மூன்று மொழி பேசிய சிறுவர்

அசிகிவே 1904 நவம்பர் 16 அன்று சுங்கெரு என்ற ஊரில் பிறந்தார். அது நைஜீரியாவின் வடபகுதியில் உள்ளது. அப்போது வடபகுதி ஆட்சியின் தலைமையிடமாகவும் இருந்தது. அவருடைய பெற்றோர் கிழக்கே ஒனிட்சா ஊரைச் சேர்ந்த இபோ இனத்தவர். தந்தை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் எழுத்தராக வேலை பார்த்ததால் குடும்பம் வடக்கே வாழ்ந்தது.

வடபகுதி மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவர்கள் பேசும் மொழி ஹவுசா. தெருவில் விளையாடும் பிள்ளை தெருவின் மொழியைத்தானே முதலில் பிடித்துக்கொள்ளும்? சிறுவர் அசிகிவே ஹவுசாவைச் சரளமாகப் பேசினார், தாய்மொழியான இபோ வரவில்லை. தந்தைக்கு இது கவலை தந்தது. எட்டு வயதளவில் பிள்ளையை ஒனிட்சாவுக்கு அனுப்பி, பாட்டி வீட்டில் தங்க வைத்து இபோ கற்க ஏற்பாடு செய்தார். பிறகு லாகோஸில் படித்தபோது யொரூபா மொழியும் வந்து சேர்ந்தது. நைஜீரியாவின் மூன்று பெரிய இனங்களின் மொழிகளையும் பேசத் தெரிந்த தலைவராக அவர் பின்னாளில் விளங்கியதற்குக் காரணம் இதுதான். மலாய் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று பிள்ளைகளை வளர்க்கும் நம் பெற்றோர்களுக்கு அந்தத் தந்தையின் கவலை நன்றாகவே புரியும்.

காலபாரில் படிக்கும்போது, கறுப்பின மக்களின் விடுதலைக்காக அமெரிக்காவில் இயக்கம் நடத்திய மார்கஸ் கார்வியின் கருத்துகள் அவரை எட்டின. பிறகு லாகோஸில் ஜேம்ஸ் அக்ரே என்ற ஆப்பிரிக்கக் கல்வியாளரின் உரையைக் கேட்டார். அமெரிக்கா சென்று படிக்க வேண்டும் என்ற ஆசை அப்போது வேர்விட்டது. கையில் பணமில்லை. நண்பர்களோடு கப்பலில் ஒளிந்து ஏறிப் புறப்பட்டார். ஆனால் பயணம் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவிலேயே முடிந்தது. அங்கே சிறிது காலம் போலீஸ் வேலை பார்த்தார். தாயார் வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பிள்ளையின் பிடிவாதத்தைக் கண்ட தந்தை தம் பணத்தைக் கொடுத்து, 1925 இல் முறைப்படி அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்.

உழைத்துப் படித்த ஆண்டுகள்

தந்தை கொடுத்த பணம் நெடுநாள் தாங்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார், தட்டு கழுவினார், குத்துச்சண்டையும் போட்டார். ஸ்டோரர் கல்லூரி, ஹோவர்ட் பல்கலைக்கழகம், லிங்கன் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் என்று இடம் மாறி மாறிப் படித்துப் பட்டங்கள் பெற்றார். லிங்கனில் ஆசிரியராகவும் இருந்தார். அங்குள்ள கறுப்பின மக்களின் பத்திரிகைகளுக்கு எழுதினார். எழுத்தறிந்த மக்களுக்குத் தங்களுடைய சொந்தப் பத்திரிகை இருந்தால் என்ன நடக்கும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டார்.

1934 இல் ஆப்பிரிக்கா திரும்பினார். இத்தனை பட்டங்கள் இருந்தும் லாகோஸில் அவர் கேட்ட ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. பெஞ்சமின் என்ற ஆங்கிலப் பெயரையும் அவர் கைவிட்டது அந்தக் காலத்தில்தான்.

வேலை கொடுத்தவர் ஒரு வியாபாரி. அக்ரா நகர வணிகர் ஒகான்சி தாம் தொடங்கவிருந்த ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட் என்ற நாளிதழுக்கு அசிகிவேயை ஆசிரியராக்கினார். 1936 இல் அதில் வெளியான ஒரு கட்டுரை காலனி அரசைக் கடுமையாகத் தாக்கியது. அதை எழுதியவர் சியரா லியோனைச் சேர்ந்த வாலஸ் ஜான்சன். ஆசிரியர் என்ற முறையில் அசிகிவே மீதும் ராஜத்துரோக வழக்கு வந்தது. ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். அக்ராவில் இருந்த காலத்தில் அவருடைய எழுத்தும் பேச்சும் ஓர் இளம் ஆசிரியரைக் கவர்ந்தன. அந்த இளைஞரும் லிங்கன் பல்கலைக்கழகத்துக்கே படிக்கப் போனார். அவர்தான் பின்னாளில் கானாவின் முதல் தலைவரான குவாமே இன்க்ருமா.

பைலட் பிறந்த கதை

1937 இல் லாகோஸ் திரும்பிய அசிகிவே, அதே ஆண்டு நவம்பர் 22 அன்று வெஸ்ட் ஆப்பிரிக்கன் பைலட் என்ற நாளிதழைத் தொடங்கினார். அதற்கு முன் லாகோஸில் இருந்த பத்திரிகைகள் பெரும்பாலும் படித்த மேல்தட்டு மக்களுக்காக நடந்தவை. பைலட் எழுத்தர், ஆசிரியர், ரயில்வே ஊழியர், சிறு வியாபாரி ஆகியோரிடம் போனது. எளிய ஆங்கிலம், பெரிய தலைப்புகள், படங்கள், விளையாட்டுச் செய்திகள், பெண்களுக்கான பகுதி எல்லாம் அதில் இருந்தன. தொடக்கத்தில் சுமார் 6,000 பிரதிகள் அச்சானது, 1950 வாக்கில் 20,000 ஐத் தாண்டியது. ஒரு பிரதியை ஒருவர் வாங்கிப் பலர் படிப்பதும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் வழக்கம். ஆகவே வாசகர் தொகை இதைவிட மிக அதிகம்.

ஒரு பத்திரிகையோடு அவர் நிற்கவில்லை. போர்ட் ஹார்கோர்ட், ஒனிட்சா, வாரி என்று ஊருக்கு ஊர் பத்திரிகைகள் தொடங்கினார். தலைநகரின் செய்தியை மட்டும் எல்லாருக்கும் அனுப்பாமல் அந்தந்த ஊர்க் குறைகளை அந்தந்த ஊரிலேயே அச்சிட்டார். வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கிளைக் கடை திறப்பவன் அந்த ஊர்க்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் சரக்கு அடுக்குவான்.

இங்கே ஒரு முஸ்லிம் பெரியவரையும் குறிப்பிட வேண்டும். எகிப்திலிருந்து வந்த டுசே முகம்மது அலி, 1912 இல் லண்டனில் ஆப்பிரிக்க, ஆசிய மக்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். இளைஞரான மார்கஸ் கார்வி அவரிடம்தான் சில காலம் வேலை பார்த்தார். அவர் தம் முதுமையில் லாகோஸில் குடியேறி காமெட் என்ற இதழை நடத்தினார். அந்த இதழை அசிகிவே வாங்கி நாளிதழாக்கினார். பிறகு அது 1949 இல் வடக்கே கானோ நகருக்கு மாறியது. பள்ளி மாணவராக இருந்தபோது கார்வியின் வழியே தம்மை எட்டிய சிந்தனைக்கு ஊற்றாக இருந்தவரின் பத்திரிகையே தம் கைக்கு வந்து சேர்ந்தது. இறைவன் மனிதர்களை இணைக்கும் விதம் வியப்புக்குரியது.

1943 இல் மேற்கு ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர் குழு லண்டன் சென்றபோது அசிகிவேயும் அதில் முக்கிய இடம் வகித்தார். வடபகுதியின் ஹவுசா மொழி இதழின் ஆசிரியரும் புகழ்பெற்ற எழுத்தாளருமான அபூபக்கர் இமாமும் அக்குழுவில் இருந்தார். போருக்குப் பிறகு ஆப்பிரிக்காவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற கோரிக்கை அப்போது காலனி அமைச்சகத்திடம் வைக்கப்பட்டது. பதில் எதுவும் பயன் தரவில்லை.

எழுத்திலிருந்து அரசியலுக்கு

1944 இல் நைஜீரியா, காமரூன் தேசிய மன்றம் என்ற அமைப்பு உருவானது. முதிய தலைவர் ஹெர்பர்ட் மெக்காலே தலைவராகவும் அசிகிவே செயலாளராகவும் பொறுப்பேற்றனர். பல சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அது. 1946 இல் மெக்காலே மறைந்த பின் அசிகிவே தலைவரானார்.

1945 இல் அரசு ஊழியர்கள் விலைவாசிக்கேற்ற சம்பளம் கேட்டுப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அசிகிவேயின் பத்திரிகைகள் அவர்கள் பக்கம் நின்றன. ஜூலை மாதம் அரசு பைலட்டையும் காமெட்டையும் தடை செய்தது. சில வாரங்களில் தடை நீங்கியபோது மக்களிடம் அவர் செல்வாக்கு முன்பைவிட உயர்ந்திருந்தது. அச்சமயம் தம்மைக் கொல்லச் சதி நடப்பதாக அவர் அறிவித்ததைச் சிலர் நம்பினார்கள், சிலர் நகைத்தார்கள்.

1947 இல் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து லண்டனுக்குத் தூதுக்குழு போனது. நாடு முழுவதும் சுற்றி மக்களிடம் சுமார் 13,000 பவுன் திரட்டிக்கொண்டு சென்றார்கள். காலனி அமைச்சர் அவர்களை ஊர் திரும்பி அந்தச் சட்டத்துக்கு ஒத்துழைக்கச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவர்களுக்குள் பணக் கணக்கைப் பற்றிச் சச்சரவு எழுந்தது. பொதுப்பணம் திரட்டும் எந்தச் சங்கத்துக்கும் இது தெரிந்த கதைதான்.

அவர் பெயராலேயே ஸிக்கிஸ்ட் இயக்கம் என்று இளைஞர்கள் ஓர் அமைப்பு நடத்தினார்கள். அவர்கள் தலைவரைவிட வேகமானவர்கள். அவர்களில் பலர் சிறைக்குப் போனபோது அசிகிவே அவர்களோடு நிற்கவில்லை. 1950 இல் இயக்கம் தடை செய்யப்பட்டது. அந்த மனக்காயம் பலருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

சங்கத் தலைவரும் நாட்டுத் தலைவரும்

இபோ மக்கள் நைஜீரியா முழுவதும் பரவி வாழ்ந்தார்கள். வடக்கே ரயில் நிலையம், தபால் அலுவலகம், சந்தை எங்கும் அவர்கள் இருந்தார்கள். கானோவில் சபோன் காரி என்ற புறநகர்ப் பகுதியில் தனியே குடியிருந்தார்கள். போன இடத்திலெல்லாம் ஊர்ச் சங்கம் அமைத்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்க நிதி திரட்டுவது, புதிதாக வந்தவனுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்ய உதவுவது ஆகியவை அச்சங்கங்களின் பணிகள். படிக்கும்போது நம் சங்கத்தின் பழைய குறிப்பேட்டைப் புரட்டுவது போலவே நமக்கு இருந்தது.

இச்சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1948 இல் அசிகிவே தலைவரானார். மறு ஆண்டு ஆபா நகரில் பேசியபோது, ஆப்பிரிக்காவை வழிநடத்தும் பொறுப்பை இறைவன் இபோ மக்களுக்கு அளித்திருப்பதாகப் பொருள்படும்படி சொன்னார். தம் மக்களுக்கு ஊக்கம் தரவே பேசியிருக்கலாம். ஆனால் யொரூபா மக்களும் வடபகுதி மக்களும் அதை வேறு காதால் கேட்டார்கள். நாடு முழுமைக்கும் தலைவர் என்று அதுவரை நம்பியவர்கள்கூட இவர் ஓர் இனத்தின் தலைவர்தானோ என்று ஐயுற்றார்கள். எதிரிகள் அந்தப் பேச்சைப் பல ஆண்டுகள் எடுத்துக் காட்டினார்கள். தம் சங்க மேடையில் பேசுகிறவரின் சொல் வெளியே நிற்பவரின் காதிலும் விழும் என்பதை அவர் அன்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

1951 தேர்தலில் லாகோஸிலிருந்து மேற்கு வட்டாரச் சட்டமன்றத்துக்கு வென்றார். ஆனால் பெரும்பான்மை கட்சி மாறியவர்களால் எதிர்த்தரப்புக்குப் போனது. மத்திய மன்றத்துக்குச் செல்லும் இடத்தைச் சொந்தக் கட்சிக்காரரே விட்டுக்கொடுக்கவில்லை. இபோ என்பதால்தான் தமக்கு மேற்கில் இடமில்லை என்று அவரும் அவர் ஆதரவாளர்களும் கருதினார்கள். அவர் கிழக்கே போனார். அங்கே ஏற்கெனவே பொறுப்பில் இருந்த ஏயோ இட்டா, காலபார் பகுதிச் சிறுபான்மையைச் சேர்ந்தவர், அவர் கட்சிக்காரர். அவர் பதவி இழக்க நேர்ந்தது. இப்போது கிழக்கின் சிறுபான்மையினர் மனம் கசந்தார்கள். மேற்கில் தமக்கு நடந்ததாக நினைத்த அநீதியை அவர் கிழக்கில் பிறருக்குச் செய்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

வங்கியும் விசாரணையும்

1954 இல் அசிகிவே கிழக்கு வட்டாரத்தின் பிரிமியரானார். கல்விக்கு முதலிடம் தந்தார். 1957 இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். ன்சுக்காவில் நைஜீரியப் பல்கலைக்கழகம் அமைய முயன்று வெற்றி பெற்றார். அது 1960 இல் திறக்கப்பட்டது.

ஆனால் இதே காலத்தில்தான் பெரிய சோதனையும் வந்தது. ஆங்கிலேயரின் வங்கிகள் ஆப்பிரிக்க வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய நாட்களில், 1940களில், அசிகிவே ஆப்பிரிக்கன் காண்டினென்டல் வங்கியை உருவாக்கினார். அவர் பத்திரிகைகளும் அதனால் பிழைத்தன, பல உள்ளூர் வியாபாரிகளும் பிழைத்தார்கள். அவர் பிரிமியரான பின் கிழக்கு அரசின் பணம் சுமார் இரண்டு மில்லியன் பவுன் அந்த வங்கிக்குள் போனது. அரசின் தலைவரும் வங்கியின் பங்குதாரரும் ஒருவரே!

1956 இல் விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கிய நீதிபதி ஃபாஸ்டர் சட்டன் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். 1948 முதல் 1950 வரை மலாயாவில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அசிகிவேயின் நடத்தை அந்தப் பதவியில் இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் தரத்துக்குக் குறைவானது என்று ஆணையம் 1957 ஜனவரியில் அறிக்கை தந்தது. மக்களுக்குக் கடன் வசதி கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. அவர் வங்கியில் தமக்கிருந்த உரிமைகளை அரசிடம் ஒப்படைத்துவிட்டு மக்களிடம் தீர்ப்புக் கேட்டார். தேர்தலில் வென்றார். மக்கள் மன்னித்தாலும் கணக்கு கணக்குத்தான். நல்ல நோக்கம் இருந்தாலும் தம் கல்லாவையும் பொதுக் கல்லாவையும் ஒருவர் கலக்கக் கூடாது. நம் சங்கத்தில் பொருளாளராக இருந்த பெரியவர்கள் ஒரு வெள்ளிக்கும் ரசீது கேட்டபோது நாம் சலித்துக்கொண்டதுண்டு. அவர்கள் செய்தது சரி.

சுதந்திரம் வந்தது

1960 அக்டோபர் 1 அன்று நைஜீரியா சுதந்திரம் பெற்றது. வடபகுதிக் கட்சியும் அசிகிவேயின் கட்சியும் கூட்டாட்சி அமைத்தன. வடபகுதியைச் சேர்ந்த முஸ்லிம் தலைவர் அபூபக்கர் தஃபாவா பலேவா பிரதமரானார். அசிகிவே தம் 56வது பிறந்தநாளன்று கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். 1963 இல் நாடு குடியரசானபோது முதல் அதிபரானார். கௌரவம் பெரிது, அதிகாரம் சிறிது. ஆட்சி பிரதமரின் கையில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் பேசியும் எழுதியும் பழகியவருக்கு அந்த மாளிகை மௌனம் எளிதாக இருந்திருக்காது. 1964 இறுதியில் நடந்த தேர்தல் குளறுபடியின்போது பலேவாவை ஆட்சி அமைக்க அழைக்க மறுத்துச் சில நாட்கள் நின்றார், பிறகு சமரசத்துக்கு இணங்கினார்.

1966 ஜனவரி 15 அன்று இராணுவ அதிகாரிகள் சிலர் புரட்சி செய்தார்கள். பிரதமர் பலேவாவும் வடபகுதியின் பிரிமியர் அஹ்மது பெல்லோவும் கொல்லப்பட்டார்கள். அசிகிவே அப்போது சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருந்தார். புரட்சி செய்த அதிகாரிகளில் பெரும்பாலோர் இபோக்கள். இறந்த தலைவர்களில் இபோக்கள் இல்லை. வடக்கில் கோபம் மூண்டது. அதே ஆண்டு வடக்கின் நகரங்களில் இபோக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடையையும் வீட்டையும் விட்டுக் கிழக்கே ஓடினார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த சபோன் காரி வெறிச்சோடியது. கொன்றவர்களில் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை எழுதவே நம் கை கூசுகிறது. அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பதை இஸ்லாம் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டாரை மறைத்து வைத்துக் காப்பாற்றிய முஸ்லிம்களும் அங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போரும் திரும்புதலும்

1967 மே 30 அன்று கிழக்கு வட்டாரம் பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகப் பிரிந்தது. போர் வந்தது. ஒன்றுபட்ட நைஜீரியாவுக்காக முப்பது ஆண்டுகள் எழுதிய அசிகிவே தம் மக்களோடு நின்றார். பியாஃப்ராவின் தேசிய கீதம் அவர் எழுதிய கவிதையிலிருந்து உருவானது. ஆப்பிரிக்க நாடுகளின் அங்கீகாரம் கேட்டுப் பயணம் செய்தார். தான்சானியா, கபோன், ஐவரி கோஸ்ட், சாம்பியா ஆகிய நாடுகள் 1968 இல் அங்கீகரித்தன.

போர் நீண்டது. முற்றுகைக்குள் உணவில்லாமல் குழந்தைகள் மடிந்தார்கள். 1969 இல் அசிகிவே லாகோஸ் வந்து, எதிர்த்தரப்புத் தலைவர் ஜெனரல் கோவோனைச் சந்தித்தார். பிரிவினையைக் கைவிட்டு ஒன்றுபட்ட நாட்டுக்குள் சமாதானம் காண வேண்டும் என்றார். பியாஃப்ராவில் அவரைத் துரோகி என்றார்கள். உயிர்கள் மேலும் போகாமல் இருக்க ஒருவராவது சொல்ல வேண்டியதைச் சொன்னார் என்றார்கள் மற்றவர்கள். 1970 ஜனவரியில் போர் முடிந்தது. அவர் முன்பே சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் தம் சொந்த மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று தெரிந்தே ஒருவர் எடுத்த முடிவை இலேசாக எடை போட நமக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பின் நடந்த ஒன்றை வியாபாரிகள் மறக்கக் கூடாது. பியாஃப்ராப் பணத்தை வங்கியில் வைத்திருந்தவர் எவ்வளவு வைத்திருந்தாலும் கையில் கிடைத்தது இருபது பவுன் மட்டுமே. கிழக்கே போர்ட் ஹார்கோர்ட்டில் இபோக்கள் விட்டுச்சென்ற வீடுகளில் பல திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் வடக்கே கானோவில், போனவர்களின் வீடுகளுக்கு வாடகை வசூலித்து வைத்திருந்து, திரும்பி வந்த உரிமையாளர்களிடம் வீட்டையும் வாடகையையும் ஒப்படைத்தார்கள். அமானிதம் என்றால் இதுதான்.

கடைசிக் காலம்

1979 இலும் 1983 இலும் அசிகிவே அதிபர் தேர்தலில் நின்றார். இரு முறையும் ஷேகு ஷகாரி வென்றார். பிறகு ஒதுங்கி வாழ்ந்தார். 1989 இல் அவர் இறந்துவிட்டதாக நாட்டுப் பத்திரிகைகள் செய்தி போட்டன. செய்தி பொய். வாழ்நாளெல்லாம் செய்தி அச்சிட்டவர் தம் மரணச் செய்தியைத் தாமே படிக்க நேர்ந்தது! 1996 மே 11 அன்று, 91 வயதில், எனுகு நகரில் காலமானார். சிறுவயதில் தாய்மொழி கற்க அனுப்பப்பட்ட ஒனிட்சாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தலைநகர் அபுஜாவின் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையைப் படித்து முடித்தபோது நம் மனதில் நின்றது பதவிகள் அல்ல. சங்கம் என்பது போன இடத்தில் கால் ஊன்ற நமக்குத் துணை. அதுவே பக்கத்து வீட்டுக்காரருக்கு அச்சம் தருவதாக ஆகிவிடக் கூடாது. நம் முன்னோர் இந்த நாட்டில் கடை வைத்தபோது மலாய்க்காரரோடும் சீனரோடும் உறவாடி, பள்ளிவாசலையும் கட்டி, கணக்கையும் நேராக வைத்து இந்தச் சங்கத்தை நம் கையில் தந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நாமும் அதேபோல் நம் பிள்ளைகள் கையில் ஒப்படைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.